நனையாதவள்

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை.
ஜாபர்கான்பேட்டை மாநகராட்சிப் பள்ளி,
மூன்றாம் வகுப்புப் பெஞ்சில்
முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தோம்.
போன தேர்தலின் ஃபிளெக்ஸைத் திருப்பிக் கட்டி
அதன் வெள்ளை முதுகில் கட்டம் போட்டார் வரதராஜுலு.
ஜன்னல் வெயில் படும்போதெல்லாம்
பின்னாலிருந்து யாருடைய பல்வரிசையோ தெரிந்தது.

படகுக்கு யார் என்றதும் பதினான்கு கைகள்.
கயிறு, மருந்து, சாப்பாடு, அதற்கும் ஆள் இருந்தது.
கழிப்பறைக்கு?
மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.
கடைசியில் எத்திராஜ் எழுந்தான்.
"எழுதிக்கோங்க சார், எவனாவது செய்யணுமில்ல."

ஒருவர் ஒருவரிடம்தான் கேட்க வேண்டும்.
ஒருவருக்குக் கீழே ஐந்து பேர், கைவிரல் கணக்கு.
தலைமையில் இருப்பவர் தண்ணீரில் இறங்கக் கூடாது.
இந்தக் கடைசி விதிக்கு எல்லோரும் சிரித்தோம்.

தலைமை: வரதராஜுலு.
அவர் இல்லையென்றால் தில்ஷாத்.
அவளும் இல்லையென்றால் என்ற கட்டம் காலியாகக் கிடந்தது.
பார்க்க நன்றாயில்லை என்று என் பெயரைப் போட்டார்கள்.
வீடு வீடாக மின்கணக்கு எடுப்பவள் நான்.
எந்த வீட்டு நாய் கடிக்கும் என்று தெரியும்,
அவ்வளவுதான் தகுதி.

கார்த்திகை. இரவு பதினொன்றரை.
வரதராஜுலு அரங்கநாதன் சுரங்கப்பாதைக்கு அந்தப் பக்கம்.
தில்ஷாத்துக்கு நூற்றி மூன்று காய்ச்சல்.
விசில் என் கழுத்துக்கு வந்தது,
கூடவே ஒரு பேனாவும் நாற்பது பக்க நோட்டும்
பாதி சார்ஜில் ஒரு போனும்.

பள்ளி மாடியிலிருந்து பார்த்தால்
ஆறு தெருவுக்குள் வருவது தெரியாது.
தெருவிளக்கு இரண்டாகும், அவ்வளவுதான்.

பில்லர் பாக்ஸுக்கு ஒரு சாண் கீழே தண்ணீர்.
கரண்டை நிறுத்தச் சொல்லு, நிறுத்தச் சொல்லு என்று
நாலு பக்கமும் குரல்.
சொல்ல வேண்டியவள் நான்தான்.
பன்னிரண்டாம் எண் வீட்டு மீட்டர்
இரவு பகல் நிற்காமல் ஓடும்.
ஏனென்று எனக்குத் தெரியும்:
பரிபூரணத்தம்மாளின் ஆக்சிஜன் மெஷின்.
இருப்பது ஒரே படகு.

அப்போதுதான் கிஷோர் கூப்பிட்டான்.
"அம்மா, தண்ணி உள்ள வந்துடுச்சு. ஃபிரிட்ஜ் மிதக்குது."
மெயினை இறக்கிட்டியா?
"அப்பவே."
மொட்டை மாடிக்குப் போ. எதையும் எடுக்காதே.
"நீ எப்ப வருவே?"

நோட்டில் எழுதினேன்:
கதவு எண் 31. ஒருவர். வயது பதினாறு.
நடப்பார். மாடிக்கு வழி உண்டு.
காத்திருக்கலாம்.
அந்தக் கடைசிச் சொல்லில் ஓர் எழுத்து கூட விழுந்துவிட்டது.
அடித்துத் திருத்தினேன்.

12.47. யோவேல்: "பாட்டிய ஏத்தியாச்சுக்கா, சிலிண்டரோட."
துணைமின் நிலையத்துக்குப் பேசினேன்.
தெரு முழுக்க ஒரே மூச்சில் இருண்டது.
"அடுத்து உங்க வீடுதானே?"
எட்டாம் எண், என்றேன். நிறைமாசம்.
அவன் பேசவில்லை.
மோட்டார்தான் பதில் சொன்னது.

இரண்டு மணிக்குப் பதினேழாம் எண்.
மூன்றுக்கு மாடி வீட்டு நாலு குழந்தைகள்.
முப்பத்தொன்றை எழுதும்போது மணி நாலேகால்.
கரை சேர்ந்தார் என்று எழுதினேன்,
மற்றவர்களுக்கு எழுதிய அதே கையெழுத்தில்.

ஆறு மணிக்கு வரதராஜுலு வந்தார்,
வழியெல்லாம் நடந்து, செருப்பில்லாமல்.
நோட்டை முதல் பக்கத்திலிருந்து வாசித்தார்.
ஓரிடத்தில் கண் நின்றது.
ஒன்றும் கேட்கவில்லை.
விசில் கழுத்தை விட்டு இறங்கிய பிறகுதான்
கழுத்து வலிக்கத் தொடங்கியது.

கீழ்ப்படியில் எத்திராஜ், லுங்கியை மடித்துக் கட்டி,
கையில் வெறும் வாளி.
"அக்கா, எரநூத்திப் பன்னெண்டு பேரு, ரெண்டே கக்கூஸ்.
பிளீச்சிங் பவுடர் தீந்துபோச்சு, யாராண்ட கேக்கணும்?"

அவர்கிட்ட, என்று மேலே கைகாட்டிவிட்டு
தண்ணீரில் காலை வைத்தேன்.